தன் தொண்டையைத் தானே கண்ட ஆசிரியர்

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் என் குரல் கம்மத் தொடங்கிற்று. முப்பத்தைந்து ஆண்டுகள் கொழும்புப் பாடசாலைகளில் தமிழாசிரியனாக இருந்து இளைப்பாறியவன் நான். இளைப்பாறிய பின்னரும் கொள்ளுப்பிட்டியில் என் வீட்டு முன்னறையில், மாலைதோறும் உயர்தர வகுப்பு மாணவர் சிலருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்து வந்தேன். குரல் கம்மியதைத் தடிமன் என்றே முதலில் எண்ணினேன். கொத்தமல்லிக் குடிநீரும், மிளகும் கற்கண்டும், சித்தரத்தையும் முறைப்படி நடந்தன. மாசி கழிந்து பங்குனியும் பிறந்தது. பின்னால் இருந்த மாணவர் காதோரத்தில் கையைக் குவித்துக்கொண்டு கேட்கலாயினர்.

ஆசிரியனுக்குக் குரல் போவது உழவனுக்கு எருது போவது போன்றது. எனினும் என் அச்சம் அது மாத்திரமன்று. அதற்கு எங்கள் குடும்பத்தில் ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன். அக்காரணத்தை நன்கறிந்த என் மனைவியார் ஒருநாள் பிற்பகல் என்னை வற்புறுத்தி, காலி வீதிக்கு அண்மையில் உள்ள காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார்.

வைத்தியர் இளைஞர், என் மாணவர் ஒருவரைப் போன்ற வயதினர். பென்சிலினும் மெல்லியதாய், வளையத்தக்கதாய் இருந்த ஒரு குழாயை என் மூக்கின் வழியே மெல்லச் செலுத்தினார். எதிரே இருந்த திரையிலே ஈரமான இளஞ்சிவப்புக் குகையொன்று தோன்றிற்று. அதன் அடியில் முத்துப்போல் வெளுத்த இழைகள் இரண்டு, வாசற்கதவுகள் போல் விலகியும் கூடியும் நின்றன. ஈகார ஓசையை நீட்டி ஒலிக்கும்படி அவர் பணித்தார். ஒலித்தேன், கதவுகள் இரண்டும் நெருங்கி நின்று நடுங்கின. அறுபத்தைந்து வயதுவரை எனக்குச் சோறு போட்ட கருவியை அன்றுதான் நான் முதன்முதலாகக் கண்ணாற் கண்டேன்.

அவ்விழைகளின் விளிம்பிலே, ஒன்றற்கொன்று எதிராக, இரு சிறு தடிப்புகள் இருந்தன. புற்று அன்று என்றும், ஓயாது உரத்துப் பேசியதால் உண்டான தடிப்பே என்றும் வைத்தியர் சொன்னபோது என் மனைவியார் கண்களைத் துடைத்துக்கொண்டார். ஆறு வாரம் வாய் பேசலாகாது என்பதே எனக்குக் கிடைத்த முதல் மருந்து. விடைபெறும் வேளையில் வைத்தியர் முறுவலித்து, ஆறு வார மௌனம் என்னும் மருந்து தமது சொந்தச் சரக்கன்று என்றார். 1841 ஆம் ஆண்டிலேயே ஓர் ஆசிரியர் அதனை விதித்திருக்கிறார் என்றும், உயிருள்ள மனிதனின் குரல்வளை தொழிற்படுவதைத் தெளிவுறக் கண்டு உலகுக்கு உரைத்தவரும் அவரே என்றும், அவர் வைத்தியர் அல்லர், பாட்டு வாத்தியார் என்றும் கூறினார்.

மனுவேல் கார்சியா என்னும் அப்பெரியாரை நான் அறிந்துகொண்டது இவ்வாறுதான். பேசாதிருந்த ஆறு வாரமும் அவரைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன். அம்மௌனத்தின் பயனே இக்கட்டுரை.

பாட்டுக் குடும்பம்

கார்சியா 1805 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17 ஆந் திகதி ஸ்பெயின் நாட்டிலே பிறந்தார். தந்தையின் பெயரும் மனுவேல் கார்சியாவே. தந்தையார் இசைநாடக மேடையிலே ஐரோப்பா எங்கணும் பெயர் பெற்ற பாடகர். இத்தாலிய இசைமேதை ரொசினி இயற்றிய செவில் நகர நாவிதன் என்னும் இசைநாடகம் 1816 ஆம் ஆண்டு உரோம் நகரில் முதன்முதல் அரங்கேறியபோது, அதன் தலைவனாகிய பிரபுவின் பாகத்தைப் பாடியவர் அவர். தாயும் பாடகி. தங்கையர் இருவர்: மூத்தவர் மரியா, இளையவர் பௌலின். மரியா மலிப்ரான் என்றும் பௌலின் வியார்டோ என்றும் பின்னாளில் இசையுலகம் போற்றிய பெண்மணிகள் இவர்களே. இருபுறமும் இவ்வாறு தீபங்கள் எரிய, நடுவே நின்ற மகனின் விளக்கு மாத்திரம் விரைவில் அவிய வேண்டியதாயிற்று.

தந்தையார் இசையிலே வல்லவர், கற்பிப்பதிலே கடுமையானவர். பிள்ளைகளின் தொண்டை எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் பொறுமை அவருக்கு இருந்ததில்லை. 1825 ஆம் ஆண்டில் அவர் தம் குடும்பத்தையும் ஒரு சிறு குழுவையும் கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். அவ்வாண்டு நவம்பர் 29 ஆந் திகதி இரவு, நியூயோர்க் நகரத்துப் பார்க் அரங்கிலே, செவில் நகர நாவிதன் மேடையேறிற்று. இத்தாலிய மொழி இசைநாடகத்தை அந்நகரம் முழுமையாகக் கேட்டது அன்றுதான். தந்தை பிரபு, மகள் மரியா தலைவி, மகன் மனுவேல் நாவிதன். அவருக்கு அப்போது வயது இருபது.

அங்கே தங்கிய மாதங்களில் இரவுதோறும் அவர் பாட வேண்டியிருந்தது. மாறி மாறி வெவ்வேறு பாகங்களை, முதிராத குரலிலே, பெரிய அரங்கம் நிறையப் பாடினார். குரல் கெட்டது. அக்குடும்பம் பின்பு மெக்சிக்கோவுக்குச் சென்று பொருளீட்டியதும், வெரா குரூசுத் துறைமுகத்துக்கு வரும் வழியிலே கள்வர் கையில் அப்பொருள் அனைத்தையும் இழந்ததும் வேறொரு கதை. மனுவேலின் இழப்போ பொன்னினும் பெரிது. ஐரோப்பாவுக்குத் திரும்பிய பின் ஒருமுறை மேடையேறிப் பார்த்தார், பலிக்கவில்லை. இருபத்தைந்து வயது நிரம்புமுன்னரே பாடகர் என்ற தொழில் அவரைப் பொறுத்தமட்டில் முடிந்துவிட்டது.

இவ்விடத்தில் வேறொருவர் விதியை நொந்து கிடந்திருப்பார். கார்சியாவின் உள்ளத்தில் எழுந்ததோ ஒரு கேள்வி. தம் தொண்டையிலே கெட்டுப்போனது யாது? அது எவ்விடத்தில் இருக்கிறது? நல்ல குரலுக்கும் கெட்ட குரலுக்கும் உள்ளே என்ன வேறுபாடு? பாட்டுச் சொல்லிக் கொடுத்தோர் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அவர்கள் குரலைக் காதாற் கேட்டார்களேயன்றி அது பிறக்கும் இடத்தைப் பார்த்தவர்களல்லர்.

1830 ஆம் ஆண்டு அல்ஜியேர்ஸ் நகரின்மேற் சென்ற பிரெஞ்சுப் படையுடன் அவரும் சென்று திரும்பினார். பின்னர்ப் படை வைத்தியசாலைகளிலே பணி புரிந்து, உடற்கூற்றைக் கற்றார். குரல்வளையைத் தனிப்பட ஆராய்ந்தார். அக்காலத்திலே கோழி, ஆடு, மாடு என்பவற்றின் தொண்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, துருத்தியை வைத்து ஊதி, ஒவ்வொன்றிலிருந்தும் எழும் ஓசையைக் கேட்பாராம். உயிரில்லாத தொண்டை கொக்கரிப்பதையும் கத்துவதையும் வீட்டார் கேட்டு நகைத்திருப்பர். அவரோ காற்றும் இரு தசையிதழ்களும் சேர்ந்தால் ஓசை பிறக்கும் என்னும் உண்மையை அவ்வழியாற் பற்றிக்கொண்டார்.

ஆறு வார மௌனம்

தந்தையார் 1832 இல் காலமானார். தங்கை மரியா 1836 ஆம் ஆண்டு, குதிரையிலிருந்து வீழ்ந்த துன்பத்தின் தொடர்ச்சியாக, இருபத்தெட்டு வயதிலே இங்கிலாந்தில் இறந்தார். கார்சியா பாரிசு நகரிலே இருந்து பாட்டுக் கற்பித்தார். 1840 ஆம் ஆண்டு மனிதக் குரலைப் பற்றிய தம் ஆராய்ச்சியைப் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்தார். பாட்டு வாத்தியார் ஒருவர் உடற்கூற்று அறிஞர் நடுவே நின்று பேசியது அக்காலத்துக்குப் புதுமை. அறிஞர்கள் அதனை ஆராய்ந்து நன்றென ஏற்றனர்.

அடுத்த ஆண்டு சுவீடன் நாட்டிலிருந்து இளநங்கை ஒருத்தி அவரை நாடி வந்தார். பெயர் ஜெனி லின்ட். வயது இருபது. தம் நாட்டிலே புகழ் பெற்ற பாடகி; ஆயினும் ஓய்வின்றிப் பாடிப் பாடிக் குரல் களைத்திருந்தது. கார்சியா அவரைப் பாடச் செய்து கேட்டார். பாடம் தொடங்க மறுத்தார். ஆறு வாரம் பாடலாகாது, பேசுவதையும் இயன்றவரை குறைத்தல் வேண்டும், அதன் பின்னர் வந்தால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். அந்நங்கை பேசாதிருந்தார், மீண்டும் வந்தார், ஏறக்குறைய பத்து மாதம் அவரிடம் முறையாகக் கற்றார். பிற்காலத்தில் சுவீடன் நாட்டு இசைக்குயில் என்று இரு கண்டங்களும் கொண்டாடிய குரல் அதுவே.

என் மேசையில் இருந்த எழுதுதாளையும் பென்சிலையும் பார்த்துக்கொண்டு இப்பகுதியைப் படித்தேன். தன் குரலை இளமையிலே பறிகொடுத்த ஒருவர், பிறர் குரலுக்கு விதித்த மருந்து ஓய்வு. அவருக்கு அதனை விதிக்க அந்நாளில் ஒருவரும் இருந்ததில்லை.

கண்ணாடியிற் பட்ட வெயில்

1848 இல் பாரிசில் அரசியற் குழப்பம் எழவே, கார்சியா இலண்டனுக்குக் குடிபெயர்ந்து, அங்கே அரச இசைக் கழகத்தில் ஆசிரியரானார். அதே ஆண்டிலேதான், நம் யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்க வைத்தியரான சாமுவேல் கிறீன் தம் வைத்தியப் பணியைத் தொடங்கினார் என்பதை இங்கே நினைத்துக்கொள்வோம். அப்பெரியாரிடம் மீண்டும் வருவேன்.

1854 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம். விடுமுறைக்குப் பாரிசு சென்றிருந்த கார்சியா, பலே ரோயால் என்னும் மாளிகைத் தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்தார். குரல்வளை தொழிற்படும்போது அதனைக் காண இயலாதா என்னும் ஏக்கம் பல ஆண்டுகளாக அவரை வாட்டிவந்தது. அன்று நல்ல வெயில். சாளரக் கண்ணாடிகளிற் பட்டு வெயில் பளிச்சிட்டது. அப்பளிச்சீட்டில் அவர் உள்ளமும் விளங்கிற்று. ஒரு கண்ணாடி ஒளியை உள்ளே செலுத்தட்டும். மற்றொரு கண்ணாடி உள்ளிருப்பதை வெளியே காட்டட்டும்!

உடனே ஷாரியேர் என்னும் கருவி வணிகரிடம் விரைந்தார். நீண்ட காம்பின் நுனியிலே சிறு கண்ணாடி பொருத்திய கருவி உண்டா என்று வினவினார். இருந்தது. பல் வைத்தியருக்கென்று செய்து, 1851 ஆம் ஆண்டு இலண்டன் பொருட்காட்சிக்கு அனுப்பி, ஒருவரும் விரும்பாமற் கிடந்த பொருள் அது. விலை ஆறு பிராங்கு. வாங்கினார். ஒரு கைக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு, காத்திருக்கப் பொறாதவராய் வீட்டுக்கு ஓடினார்.

அவர் செய்தது இதுவே. சிறு கண்ணாடியை வெந்நீரில் நனைத்துத் துடைத்தார். குளிர்ந்த கண்ணாடியாயின் மூச்சுப் பட்டவுடன் மங்கிவிடும். அதனைச் சாய்வாக உள்நாக்கின்மேல் வைத்தார். கைக்கண்ணாடியால் வெயிலை வாங்கி அதன்மேல் விழச் செய்தார். ஒளி கீழ்நோக்கி வளைந்து குரல்வளையிற் பாய்ந்தது. குரல்வளையின் வடிவம் அவ்வழியே மேலேறிக் கைக்கண்ணாடியில் விழுந்தது. அவர் தொண்டை பயிற்சியாற் பழகியது, ஓங்காளிக்கவில்லை. குரல்வளை வாய் விரியத் திறந்து, மூச்சுக்குழலின் ஒரு பகுதியும் உட்பட, அவர் கண்முன் தோன்றிற்று. ஓசை எழுப்பினார், வெண்ணிற இழைகள் இரண்டும் நெருங்கி நடுங்கின. நான் திரையிலே கண்ட அதே காட்சி!

இவருக்கு முன்னரும் முயன்றோர் உண்டு. ஜேர்மன் வைத்தியர் பொசினி 1807 அளவில் மெழுகுதிரி ஒளியைக் குழாய் வழியே உடலுட் செலுத்தப் பார்த்தார். இலண்டன் வைத்தியர் பபிங்டன் 1829 இல் கண்ணாடிக் கருவியொன்றைச் செய்தார். ஆயினும் அம்முயற்சிகள் தொடரவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் பேசினான், பாடினான், அழுதான். ஒலி பிறக்கும் முறையை நம் தொல்காப்பியரும் பிறப்பியலிலே வகுத்துரைத்தார். ஆயினும் அது பிறக்கும் வாயிலைத் தெளிவாகக் கண்டு, கண்டதை முறைப்பட எழுதிவைக்க 1854 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கார்சியா தாம் கண்டவற்றை 1855 ஆம் ஆண்டு மே மாதம் இலண்டன் அரச விஞ்ஞானக் கழகத்துக்கு அறிவித்தார். நோய் பற்றி அதிலே பேச்சில்லை. எவ்வோசைக்கு இழைகள் எவ்வாறு நீள்கின்றன, எவ்வாறு நெருங்குகின்றன என்பதே பொருள். மூச்சுக்காற்று, மூடிய இதழ்களைத் தள்ளித் திறந்து, சிறு சிறு வீச்சுகளாக வெளிப்படுவதே குரல் என்பது அவர் துணிபு. ஆடவர் பேசும்போது நொடிக்கு நூறு தடவைக்கு மேலும், பெண்டிர் பேசும்போது இருநூறு தடவை அளவிலும் அவ்விதழ்கள் திறந்து மூடுகின்றன என்று இன்று அளந்து சொல்கிறார்கள். நாற்பது நிமிடப் பாடமொன்றிலே அவை எத்தனை இலட்சம் முறை மோதும் என்பதைக் கணித ஆசிரியர்கள் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வைத்தியர் கைக்கு வந்த கருவி

இலண்டன் வைத்தியர்கள் முதலில் இதனைப் பொருட்படுத்தவில்லை. பாட்டு வாத்தியாரின் விளையாட்டு என்று எண்ணினர் போலும். பயன் கண்டவர்கள் வேற்றூரார். 1857 ஆம் ஆண்டு கோடையில் வியன்னா நகரத்து வைத்தியர் டுர்க் சிறு கண்ணாடிகளைக் கொண்டு நோயாளரின் தொண்டையைப் பார்க்கத் தொடங்கினார். வெயிலை நம்பியிருந்தமையால் மழைமுகில் வந்ததும் கைவிட்டார். செர்மாக் என்னும் உடலியல் அறிஞர் அக்கண்ணாடிகளை இரவலாக வாங்கி, வெயிலுக்குப் பதிலாக விளக்கொளியை வைத்து, நடுவே துளையுள்ள குழியாடியால் அதனைத் திருப்பித் தொண்டைக்குட் செலுத்தினார். இனி இரவிலும் பார்க்கலாம், மாரியிலும் பார்க்கலாம். வைத்தியர் நெற்றியிலே வட்டக் கண்ணாடி ஏறியது இவ்வாறே. முதன்மை யாருக்கு என்று டுர்க்கும் செர்மாக்கும் பிணங்கி அச்சிலேறிச் சண்டையிட்டனர். உண்மையில் முதல்வராகிய பாட்டு வாத்தியாரோ இலண்டனிலே அமைதியாகப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். 1862 இல் கேனிக்ஸ்பேர்க் பல்கலைக்கழகம் அவருக்கு மருத்துவக் கலாநிதிப் பட்டத்தைக் கௌரவமாக அளித்தது.

செர்மாக்கிடம் கற்ற மொறெல் மக்கென்சி, 1863 ஆம் ஆண்டு இலண்டனில் தொண்டை நோய்களுக்கென்றே ஒரு வைத்தியசாலையை நிறுவினார். வியன்னாவில் பில்றோத் என்னும் சத்திரசிகிச்சை மேதை 1873 இல் புற்றுற்ற குரல்வளை முழுவதையும் அகற்றி, நோயாளியை உயிருடன் எழச் செய்தார். 1884 இல் கொக்கேயின் மருந்தால் தொண்டையை மரக்கச் செய்யும் வழி தெரிந்தது. ஓங்காளமின்றி உள்ளே கருவி செலுத்த இயன்றது. 1895 இல் ஜேர்மனியின் கிர்ஸ்டைன் கண்ணாடியின் துணையின்றி நேரே குரல்வளையைக் காணும் குழாயை வகுத்தார். 1960களின் இறுதியில் யப்பானிய வைத்தியர் இருவர், ஒளியைக் கடத்தும் கண்ணாடி நார்களால் ஆகிய வளையுங் குழாயை மூக்கு வழியே செலுத்தும் முறையைக் கொண்டுவந்தனர். கொள்ளுப்பிட்டியில் என் மூக்கிலே நுழைந்தது அதன் வழித்தோன்றலே. காணாத இடத்தில் கத்தி வைக்க ஒண்ணாது. கழுத்திலும் தொண்டையிலும் நடைபெறும் இன்றைய நுண்ணிய சத்திரசிகிச்சைகளுக்கு அடிப்படை, அவ்விடத்தைக் காணும் வழி கிடைத்தமையேயாம்.

நம் நாட்டுக் கிறீன் வைத்தியரை இங்கே மீண்டும் நினைக்க வேண்டும். மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்த அவர், 1867 இல் இரணவைத்தியம் என்னும் சத்திரசிகிச்சை நூலையும், 1872 இல் மனுஷ அங்காதிபாதம் என்னும் உடற்கூற்று நூலையும் தமிழில் வெளிவரச் செய்தார். ஐரோப்பாவிலே தொண்டைக்குள் ஒளி பாய்ந்த அதே தலைமுறையில், மானிப்பாயிலே உடலின் உறுப்புகள் தமிழ்ப்பெயர் பெற்றுக்கொண்டிருந்தன. காண்பதற்கு ஒருவர் வழி செய்தார். கண்டதைத் தமிழன் தன் மொழியிலே அறிய மற்றவர் வழி செய்தார்.

சக்கரவர்த்தியும் என் தந்தையாரும்

கருவி வந்துவிட்டது, ஆயினும் கருவி மாத்திரம் போதாது. ஜேர்மன் முடிக்குரிய இளவரசர் பிரெடெரிக்கின் கதை இதற்குச் சான்று. 1887 ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் குரல் கம்மிற்று. ஜேர்மன் வைத்தியர் புற்றென ஐயுற்று, குரல்வளையைத் திறந்து சிகிச்சை செய்ய முனைந்தனர். மே மாதத்தில் இலண்டனிலிருந்து மக்கென்சி வரவழைக்கப்பட்டார். கண்ணாடியின் துணையால் அவர் எடுத்த சிறு துணுக்குகளைப் பேரறிஞர் வீர்கோ நுணுக்குக்காட்டியிற் பார்த்தார். புற்று என்பதற்கான அடையாளம் அவற்றில் இல்லை. சிகிச்சை நின்றது. நவம்பர் மாதத்தில் புற்றே என்பது தெளிவாயிற்று. 1888 பெப்ரவரியில் கழுத்தைத் துளைத்து மூச்சுக்கு வழி செய்தனர். மார்ச்சிலே அவர் சக்கரவர்த்தியானார். பேச இயலாமையால் தாளில் எழுதி அரசாண்டார். தொண்ணூற்றொன்பது நாளில், ஜூன் 15 ஆந் திகதி, மாண்டார்.

இதனைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்து நெடுநேரம் இருந்தேன். என் தந்தையாரின் நினைவு வந்தது.

ஐயா எங்கள் ஊர்க் கோயிலிலே கந்தபுராண படனத்துக்குப் பயன் சொல்பவர். மற்றொருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, ஐயா பொருள் விரித்துரைப்பார். ஒலிபெருக்கி இல்லாமலே வீதிவரை கேட்கும் குரல். அவருக்கு யாழ்ப்பாணத்துச் சுருட்டின்மேல் விருப்பம் அதிகம். 1974 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அவர் குரல் கம்மிற்று. புராணத்துக்குப் பயன் சொன்ன தொண்டை கம்மாமல் இருக்குமா என்று ஊரார் சமாதானம் சொன்னார்கள். நாங்களும் அதை நம்பினோம். ஆடாதோடையும் தேனும் கொடுத்தோம். எட்டு மாதம் அவ்வாறு சென்றது. கழுத்திலே கட்டியொன்று தோன்றிய பின்னரே யாழ்தேவியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுவந்தோம். வைத்தியர் நெற்றியில் வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, காம்பிற் பொருத்திய சிறு கண்ணாடியை விளக்கிலே சூடாக்கி, ஐயாவின் தொண்டைக்குள் வைத்துப் பார்த்தார். பார்த்து முடிய ஒரு நிமிடமும் செல்லவில்லை. அங்கிருந்து மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனோம். காலம் கடந்துவிட்டது.

இறுதி மாதங்களில் ஐயா என் கொப்பியின் பின்பக்கங்களில் எழுதியே பேசினார். எனக்கு அப்போது வயது பதினைந்து. மாலையிலே கந்தபுராணத்தை எடுத்து அருகிலிருந்து வாசிக்கச் சொல்வார். சீர் பிரிப்பதில் நான் பிழைவிட்டால் விரலால் மேசையில் தட்டுவார். அந்நூலின் காப்புச் செய்யுளில், முதற்சொல்லின் புணர்ச்சியைப் பற்றிய பழைய வழக்கைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். அவ்விடத்தில் நான் தடுமாறும்போதெல்லாம் இருமுறை தட்டுவார். 1975 வைகாசியில் அவ்விரல் ஓய்ந்தது.

சக்கரவர்த்தியின் தொண்டையைக் கண்டார்கள். கண்டதன் பொருளை அறியத் தவறினார்கள். என் தந்தையாரின் தொண்டையையோ, காண வேண்டிய காலத்தில் ஒருவருக்கும் நாங்கள் காட்டவில்லை. கார்சியாவின் கண்ணாடி பிறந்து அப்போது நூற்றிருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. குரல்நாணிலே தோன்றும் புற்று, மிகச் சிறிதாய் இருக்கும்போதே குரலைக் கம்மச் செய்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்நிலையில் அறிந்தால் பெரும்பாலும் குணமாக்கத்தக்கது. மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரற்கம்மலை, அதிலும் புகைப்பவராயின், தடிமன் என்று ஒதுக்காது வைத்தியரிடம் காட்டல் வேண்டும் என்பது இன்று எங்கும் சொல்லப்படும் விதி. அவ்விதியை அறிந்திருந்தும் நான் பங்குனிவரை குடிநீர் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நூறு வயது

கார்சியா இலண்டன் இசைக் கழகத்தில் 1895 வரை, தொண்ணூறு வயதுவரை, கற்பித்தார். வைத்தியருலகம் அவர் கண்ணாடியைக் கொண்டாடிய காலத்திலும், பாட்டுப் பாடத்திலே அவர் தம் காதையே நம்பினார். உள்ளே என்ன நிகழ்கிறது என்பதை அறிந்துகொள்ளவே கண்ணாடி. மாணவனின் குரலை வளர்ப்பதற்குச் செவியும் பொறுமையும் வேண்டும். தந்தையார் காட்டாத பொறுமை அது.

1905 ஆம் ஆண்டு மார்ச்சு 17 ஆந் திகதி அவருக்கு நூறு வயது நிரம்பிற்று. இலண்டன் மாநகரம் விழாக் கொண்டாடியது. இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வேர்ட் அவரை அரண்மனைக்கு அழைத்து விருதளித்தார். ஸ்பெயின் மன்னரும் ஜேர்மன் சக்கரவர்த்தியும் சிறப்புச் செய்தனர். புகழ் பெற்ற ஓவியர் சார்ஜென்ட் வரைந்த அவர் உருவப்படம் அன்று அவருக்கு வழங்கப்பட்டது. பல நாட்டுத் தொண்டை வைத்தியர்கள் திரண்டு வந்து, வைத்தியரல்லாத அம்முதியவரைத் தம் கலையின் தந்தை என வணங்கினர். மறு ஆண்டு ஜூலை முதலாந் திகதி, நூற்றொரு வயதிலே, அவர் அமைதியாக உயிர் நீத்தார்.

அவர் வாழ்க்கையை எண்ணும்போது என்னை ஆட்கொள்வது கருவியின் சிறப்பன்று. ஆறு பிராங்குக் கண்ணாடியை யாரும் வாங்கியிருக்கலாம். தாம் கற்பிக்கும் பொருளின் வேரைக் காணாமல் கற்பிக்க மனம் ஒப்பாத ஆசிரியர் அவர். இருபது வயதில் எழுந்த கேள்வியை நாற்பத்தொன்பது வயதுவரை விடாது சுமந்தார். நோயாளர் எவரையும் நினைத்து அவர் அதைச் செய்தாரல்லர். எனினும் அவரால் உயிர் பிழைத்த நோயாளருக்குக் கணக்கில்லை. உண்மையை உண்மைக்காகவே தேடுவோரின் உழைப்பு, அவர் எண்ணாத வாயில்களையும் திறந்துவிடுகிறது.

என் ஆறு வாரம் முடிந்தது. வைத்தியர் மீண்டும் பார்த்தார், தடிப்புகள் சுருங்கியிருந்தன. உரத்துப் பேசாதிருக்கவும், அடிக்கடி நீர் அருந்தவும், ஒரு வகுப்பில் மாணவர் தொகையைக் குறைக்கவும் பணித்தார். அன்று மாலை கடலோர வீதி வழியே வீட்டுக்கு நடந்து வந்தோம். மேற்கே சாய்ந்த வெயில் உயர்ந்த கட்டடங்களின் சாளரக் கண்ணாடிகளிற் பட்டு ஒளிர்ந்தது. வீடு சேர்ந்ததும் கந்தபுராணத்தை எடுத்து, காப்புச் செய்யுளை மெல்லிய குரலில் வாய்விட்டுப் படித்தேன். ஐயா இருமுறை தட்டும் இடத்தில் நிறுத்தி, சீரைப் பிழையின்றிப் பிரித்து, மேலே சென்றேன்.